முத்துப்பிள்ளைக்குத் துடக்கு இல்லை

மூன்றாம் மாதம் முடியுமுன்னே என் சட்டைகள் வயிற்றில் இறுகின. ஐந்து மாதக்காரி போல வயிறு முன்னுக்குத் தள்ளி நின்றது. தொட்டால் பிசைந்த மா மாதிரி மெத்தென்று இருந்தது. தண்ணீர் குடித்தாலும் சத்தி எடுத்தேன்.

எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்தில் அதைக் கண்டு சந்தோஷப்படாத ஆளில்லை. கலியாணம் கட்டி எவ்வளவோ காலம். எனக்கு நாற்பது வயது. "இரட்டையடி, வேறென்ன?" என்று பக்கத்து வீட்டு அக்கா அடித்துச் சொன்னார். கணவரின் அம்மா, மாமி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை. "பாத்தியே, எவ்வளவு கண்ணூறு!" என்றார். நானும் நம்பினேன். நம்பத்தானே ஆசை.

மண்ணிறமாக இரத்தம் பட்ட பிறகுதான் கிளிநொச்சிக்குப் போனோம். ஸ்கான் செய்த டொக்டர் திரையை என் பக்கம் திருப்பவில்லை.

"இரட்டையோ டொக்டர்?" என்று நானே கேட்டேன்.

"இல்லையம்மா. பிள்ளையே இல்லை. இது முத்துப்பிள்ளை."

முத்துப்பிள்ளை (கரு உருவாகாமல், நச்சுக்கொடி மட்டும் நீர்க்குமிழிகளாகப் பெருகுவது). பெயரைக் கேட்டால் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். எந்தப் பாவி வைத்த பெயரோ!

மறுநாள் மயக்கி, உறிஞ்சி எடுத்தார்கள். இரத்தமும் ஏற்றினார்கள். விழித்ததும் கை வயிற்றுக்குப் போனது. அது வடிந்து கிடந்தது.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தாலும், கருவில் அழிந்தாலும் துடக்கு, அதாவது தீட்டு, உண்டு. அந்த நாட்களில் பெண் குசினிக்குள் போகமாட்டாள், கோயில் வாசலை மிதிக்கமாட்டாள். ஒதுங்கிப் படுத்துக் கிடக்கலாம். எனக்கு எத்தனை நாள் என்று என் கணவர் கோயில் ஐயரிடம் கேட்டு வந்தார்.

"பிள்ளை இல்லையெண்டா துடக்கும் இல்லையாம்," என்றார் நிலத்தைப் பார்த்தபடி.

"அப்ப நல்லது. வாற கிழமை அம்மன் பொங்கலுக்கு எல்லாரும் போவம்," என்றார் மாமி. கெட்ட மனுசி இல்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குத் துடக்கு இருக்கு மாமி! நான் குசினிக்கும் வரமாட்டன், கோயிலுக்கும் வரமாட்டன்," என்று கத்திவிட்டு அறைக் கதவைச் சாத்தினேன். ஆனால் அந்தக் கிழமையே நெல்லு வெட்டு வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்குச் சமைக்க ஆளில்லை. எழும்பிப் போய் அடுப்பு மூட்டினேன்.

முத்துப்பிள்ளையை எடுத்த பின்னும் அதன் துணுக்குகள் தங்கிப் புற்றுநோயாக மாறலாம். அதனால் கர்ப்ப ஓமோன் (கர்ப்பத்தில் உடல் சுரக்கும் ஒரு பொருள்) இரத்தத்தில் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அது முற்றாக இல்லாமல் போகும்வரை கர்ப்பம் கூடாது. இதை வாசிக்கிற தங்கச்சி, நீரும் இதே வாசலில் நின்றால், அந்தப் பரிசோதனையை மட்டும் தவறவிடாதையும். வேறு ஆறுதல் என்னிடம் இல்லை.

எனக்கு மாதம் என்றால் இரத்தம் எடுக்கக் கையில் ஊசி குத்தும் நாள்தான். ஓமோன் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது.

பிள்ளை பிறந்திருக்க வேண்டிய மாதத்தில் டொக்டர் முடிவைப் பார்த்துச் சிரித்தார். "இனி உங்கட இரத்தத்தில ஒண்டும் இல்லை. சுகமாகீட்டுது."

"இனிப் பிள்ளைக்குப் பாக்கலாமோ?"

"இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கவேணும். உங்கட வயசையும் யோசியுங்கோ அம்மா."

என் கணவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பஸ் ஏறும்வரை பொறுத்திருந்து அழுதேன். "சுகம் வந்திட்டுதெல்லோ, ஏன் அழுகிறீர்?" என்று அவர் கேட்டார். என்னவென்று சொல்ல? இவ்வளவு நாளும் என் இரத்தமாவது என்னைப் பிள்ளைத்தாச்சி என்று நம்பிக்கொண்டிருந்தது.