குத்தகைக் காணியில் ஒரு மான்

தோட்டக்காரனுக்குப் பாதி வேலை மண்ணோடு. மிச்சப் பாதி, முளைத்ததில் வாய் வைக்க வருகிறவையோடு. நத்தை, புழு, முயல் என்று உங்களுக்கும் ஆளுக்கொரு தலையிடி இருக்கும். எனக்கு வாய்த்தது மான். ஒஸ்லோவின் வடக்கு விளிம்பில், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்து பீட்ரூட், லீக்ஸ், கீரை போடுகிறேன். புரட்டாசிச் சனி விரதத்துக்கு மரக்கறி தருவேன் என்று புருசெத் பக்கத்துத் தமிழ்க்கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கடை சனம் மீன், இறைச்சி என்று மச்சம் விடுகிற மாதம். அதில் விற்றால்தான் எனக்கு வருசம் ஓடும்.

உரிமையும் கோவமும்

ஆனி மாதம் ஒரு காலை போய்ப் பார்த்தால் பீட்ரூட் இலையில் பாதியைக் காணோம். மண்ணில் குளம்படி. காணிக்காரி ஓசாவிடம் ஓடினேன். எழுபது தாண்டியவ, புருசன் செத்தபிறகு தனியே இருக்கிறா. என்ரை பயிர், நானே ஒரு வழி பண்ணுகிறேன் என்று குதித்தேன். அவ கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டு, நான் எடுத்தது உழுகிற மண்ணை மட்டும்தான் என்றா. அதில் நடந்து திரிகிறதைச் சுடுகிற உரிமை காணிக்காரிக்குத்தானாம்.

அப்ப நீங்களே சுடுங்கோவன் என்றேன். சொந்தக் காணி என்றாலும் வேட்டைச் சோதினை பாஸ் பண்ணவேணும், வருசா வருசம் வேட்டை வரி கட்டவேணும், பிறகுதான் துவக்குத் தூக்கலாம் என்றா. அவ அந்தச் சோதினைப் பக்கமே போனதில்லை.

“எனக்கு உரிமை இருக்கு, சுடத் தெரியாது. உமக்குக் கோவம் இருக்கு, உரிமை இல்லை. மானுக்கு ஒரு குறையும் இல்லை.”

சேலை வேலி

மனம் கேட்கவில்லை. நகரசபைக்கு, இங்கத்தைப் பேச்சில் கொம்யூனுக்கு, போன் அடித்தேன். பயிரை அழிக்கிற மிருகத்தைச் சுடத் தனி அனுமதி இருக்காம். ஆனால் முதலில் வேலி கட்டி, வெருட்டிப் பார்த்து, சரிவரவில்லை என்று காட்டவேணுமாம். மனிசியின் பழைய நைலெக்ஸ் சேலைகளைக் கொண்டுபோய்ச் சுற்றிவரக் கட்டினேன். காற்றுக்குப் படபடவென்று அடித்தது. மான் கொஞ்ச நாள் யோசித்தது. பிறகு மாம்பழக் கலர் சேலையை முகத்தால் விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஞாயிறு நடைக்கு வருகிற சனம்தான் நின்று நின்று படம் எடுத்தது. தடி ஊன்றி வந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டா:

“நல்ல வடிவாயிருக்கு. இந்தக் கண்காட்சி எப்ப வரைக்கும் நடக்கும்?”

சோதினை

கொம்யூன் சேலையை வேலியாகக் கணக்கெடுக்கவில்லை. கடைசியில் ஓசாவே வழி சொன்னா. நான் சோதினை பாஸ் பண்ணினால், தன்ரை காணியில் சுட எனக்கு அனுமதி தருவாவாம். வகுப்புக்குப் போனேன். பக்கத்தில் இருந்த பொடியனின் குடும்பத்துக்கு ஊரளவு காடு. சொந்தக் காட்டுக்கு எதுக்குச் சோதினை என்று அவன் சண்டை. எனக்கோ எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று பிரிக்கச் சொன்ன படத்தில் இருந்த தாராக்கள் எல்லாம் ஒரே தாராவாகத் தெரிந்தன. அஞ்சாம் வகுப்புப் படிப்பு. விரலை வைத்து வைத்துத்தான் நோர்ஸ்க் பாஷை வாசிப்பேன். முதல்தரம் கோட்டை விட்டேன். பீட்ரூட் குறையக் குறைய இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அடுத்த தரம் பாஸ். வரியும் கட்டினேன்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னால், மனிசி வெங்காயம் உரிக்கிறதை நிற்பாட்டவில்லை.

“துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். இப்ப சோதினை எழுதித் துவக்குத் தூக்கப் போறியளோ? இந்த வீட்டுக்குள்ளை அது வராது, சொல்லிப்போட்டன்.”

மூன்று பேரும் ஒரு மானும்

ஆக, ஓசாவிடம் உரிமை, என்னிடம் சோதினை, துவக்கு ஒருவரிடமும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து தூர்ஸ்தைனிடம் துவக்கு இருந்தது. ஆனால் தோள்மூட்டில் ஒப்பரேசன். இந்த வருசம் வேட்டை இல்லை என்று அவன் வரி கட்டவில்லை. பாஸ் பண்ணின ஆளுக்கு இரவல் கொடுக்கலாம், தருகிறேன் என்றான்.

எங்கடை மான் பெட்டை. பெட்டை மானைச் சுடவும் காலம் திறந்தது செப்டெம்பர் கடைசியில். விடியப்புறம் மூன்று பேரும் வயல் ஓரத்தில் நின்றோம். மான் வந்தது. கலியாண வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி ஆறுதலாக லீக்ஸைச் சுற்றிவிட்டு, பீட்ரூட்டில் குனிந்தது. தூர்ஸ்தைன் துவக்கை நீட்டினான். கை போட்டேன். அப்போதுதான் உறைத்தது, இன்றைக்குச் சனிக்கிழமை. புரட்டாசிச் சனி. வீட்டில் மனிசி எள்ளெண்ணெய் விளக்குக் கொளுத்த ஆயத்தப்படுத்துகிற நேரம். நான் இங்கை உயிர் எடுக்க நிற்கிறேன்.

கையை இழுத்துக்கொண்டேன். சனீஸ்வரன், விரதம், நாளைக்கு நடைக்கு வருகிற சனம், திங்கள் என்றால் பிரச்சினை இல்லை என்று தெரிந்த நோர்ஸ்கில் குசுகுசுத்தேன். தூர்ஸ்தைன் மேலே வானத்தைப் பார்த்தான். மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தது. ஓசா மெல்லக் கேட்டா:

“காணிச் சட்டம் முடிஞ்சுது, கொம்யூன் முடிஞ்சுது, சோதினையும் முடிஞ்சுது. இனி ஒரு கிரகத்திட்டையும் பெர்மிஷன் எடுக்கவேணுமோ?”

திங்கள் போனபோது வரிசைக்கு வரிசை வெறும் தண்டுதான் நின்றது. அந்த வருசம் என்ரை மரக்கறியில் புரட்டாசி விரதத்தை ஒழுங்காகப் பிடித்தது அந்த மான் ஒன்றுதான்.