ஜோடியாக வந்தால்தான் கப்பல்

தெபாயேருவுக்குக் காலில் சக்கரம். ரரோதொங்காத் தீவில் ஒரு பாய்மரம் தெரிந்தால் போதும், சேப்பங்கிழங்கு பிடுங்கிய சேற்றுக் கையோடு கடற்கரைக்கு ஓடிவிடுவாள். பப்புவாக் கரைக்கு வேதம் சொல்லப் போகும் உபதேசியார்களை ஏற்றிப்போகிற மிஷன் கப்பல் அது. போனவர்களில் பாதிப்பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன? தீவை விட்டு வெளியேற அவளுக்கு வேறு வழி இல்லை. கல்யாணமாகாதவர்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதனால் கப்பல் வரும் மாதமெல்லாம் ஊரில் அவசரக் கல்யாணம்தான்.

வேதப் பள்ளியில் படித்த இயோதாமாவை அவளுக்குப் பேசியிருந்தார்கள். வழியனுப்பு விருந்தில் பன்றிக்கறியை ஒரு பிடி பிடித்தவன், மறுநாள் வயிற்றுவலி என்று பாயில் சுருண்டுகொண்டான். பயந்தாங்கொள்ளி! கரையில் படகு காத்திருந்தது. தெபாயேருவுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

சற்றுத் தள்ளி, ரூபேனா என்ற இன்னொரு உபதேசி தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பார்த்த பெண்ணை அவள் அம்மா வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாளாம்.

"ஏய், உனக்குப் பொண்ணு வரல, எனக்கு மாப்பிள்ளை வரல. கட்டிக்கிறியா?"

"உன்னைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"கப்பல்ல வேற என்ன வேலை? தெரிஞ்சுக்கலாம். எந்திரி!"

பாதிரியார் முணுமுணுத்துக்கொண்டே மணலில் வைத்துக் கட்டிவைத்தார்.

பப்புவாவில் ரூபேனாவின் பிரசங்கம் பாதி யாருக்கும் விளங்கவில்லை. தெபாயேரு வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். கோயிலுக்கு ஆள் வந்தது அதற்காகத்தான். அவள் அடுத்த ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம், "நீ சும்மா உக்காந்திருந்தா வேதம் இந்த ஊரைத் தாண்டியிருக்காது" என்று அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பின்மேல் அவளுக்கு உயிர்.

மூன்றாவது மழைக்காலத்தில் காய்ச்சல் அவனையும் கொண்டுபோனது. விதவையை ஊருக்குத் திருப்பி அழைத்துப்போகக் கப்பல் வந்தது.

"ஊர்ல போய் நான் என்ன செய்யறது? கிழக்கே உபதேசியார் இல்லாத ஊர் எத்தனை கிடக்கு, அங்க இறக்கிவிடுங்க."

"புருஷன் இல்லாம அனுப்ப மாட்டாங்கம்மா" என்றார் கப்பல் தலைவர்.

"அது தெரியும். பொண்டாட்டியைப் புதைச்சவன் யாராவது உங்க கப்பல்ல வர்றானா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் கையைப் பார்த்தார். கல்லறைக்குப் பூசிய சுண்ணாம்பு அதில் இன்னும் காயவில்லை.

ஒருவன் இருந்தான். மேல்தளத்தில், மனைவியின் ஓலைத் தொப்பியை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தான். தெபாயேரு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரூபேனா செத்த பிறகு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.