வெளியே தெரியாத சந்தை

என் வீட்டுக்காரர் மாட்டுச் சந்தைக்கு ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தார். பகலில் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. வேலை விட்டு வந்தால் லேப்டாப். குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் மாடுகளைப் போட்டோ எடுத்து வருவார். கமிஷன் தரகர் கைக்குப் போகாமல், விற்பவரும் வாங்குபவரும் நேரே பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

லேப்டாப் பழையது. யாரோ கழித்துப் போட்டதை வாங்கி வந்தார்.

"இதுக்குத் தெம்பு கம்மி. பெரிய சாமானா ஏத்துனா படுத்துக்கும். அதான் சின்ன சர்வரா உள்ளயே போட்டிருக்கேன்" என்றார்.

"ஊர்ல எல்லாரும் பாப்பாங்களா?"

"வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. இங்கயே ஓட்டிப் பாத்து, எல்லாம் சரியா வந்தப்புறம்தான் நெட்ல ஏத்தணும்."

எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். நான் எட்டாவது வரை படித்தவள். பாக்கிங் லைனில் வேலை.

ஏற்றுவதற்கு முன் அவர் போய்விட்டார். சந்தையிலிருந்து திரும்பும்போது ஹைவேயில் லாரி. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு ரூம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு சாயங்காலம் லேப்டாப்பைப் போட்டேன். அவர் செய்து வைத்திருந்தபடி அதுவே சந்தையைத் திறந்தது. வரிசையாக மாடுகள். ஒரு செவலைப் பசு என்னைப் பார்த்தபடி நின்றது. அதெல்லாம் எப்போதோ கைமாறிப் போயிருக்கும். இங்கே இன்னும் விலைக்கு நின்றது.

சோறு வடித்துக்கொண்டிருந்தபோது டிங் என்று சத்தம். திரையில் ஒரு வரி.

மாடு இருக்கா?

கேட்டவர் பெயர் இல்லை. அதன் கீழே அவர் பேசுகிற மாதிரியே பதில்.

பாத்துட்டேன். வந்துகினே இருக்கேன்.

அது அவர் முன்னாலேயே எழுதி வைத்த பதில். யார் கேட்டாலும் தானாகப் போகும். எழுதும்போது எனக்குப் படித்துக் காட்டியிருந்தார். அதனால் பதிலுக்கு நான் பயப்படவில்லை. கேட்டது யார்? வெளியே ஒருவருக்கும் தெரியாது என்றாரே.

மூடி வைத்தேன். மறுநாள் கை சும்மா இருக்கவில்லை. போட்டேன். மாடுகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் டிங்.

யாரு அது?

கீழே, வந்துகினே இருக்கேன்.

ரூமில் நான் மட்டும்தான். கதவு சாத்தியிருந்தது. கொடியில் அவர் சட்டை அப்படியே தொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே மறுபடி டிங். எழுந்து போய்ப் பார்த்தேன்.

எங்க இருக்கீங்க?

அதற்குமேல் அங்கே இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். மத்தூரில் அக்கா வீடு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம். காலையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது ரூம் ஓனரம்மாவிடம் சொன்னேன். தெலுங்குக்காரம்மா. மோட்டார் போட்டுவிட்டு நின்றிருந்தார்.

"ஏம்மா, சொல்லி வச்ச மாதிரி வர்றீங்க? நேத்து பக்கத்து ரூம்காரன் காலி பண்றேங்கறான். இன்னிக்கு நீ. என் ரூம்ல பேய் இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போயிடாதீங்க. நான் யாரை வெச்சு வாடகை வாங்கறது, பேயவா?"

"அவர் எதுக்காம்?"

"உன் வீட்டுக்காரரு போன்ல பதில் போடறாராம். வந்துனே இருக்கேன்னு."

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

பக்கத்து ரூம்காரர் திருநெல்வேலிப் பக்கம். லேத் ஓட்டுகிறவர். கதவைத் தட்டினேன். பாதிதான் திறந்தார்.

"அந்தப் பதிலைக் காட்டுங்க."

போனை நீட்டினார். அதே செவலைப் பசு. அதே மூன்று கேள்விகள்.

"அண்ணாச்சி செஞ்சது மதினி. நம்ம லைன்ல எல்லா ரூமுக்கும் ஒரே வைஃபைதான? என் போன்ல தெறந்து டெஸ்ட் பண்ணச் சொல்லுவாவ. தெனமும் ஏதாவது கேட்டு அனுப்புவேன். அவுக போனப்புறம் செத்துக் கெடந்த பக்கம் திடீர்னு தொறக்கு. சும்மா அனுப்பிப் பாத்தேன். பதில் வருது."

"அந்தப் பதில் எல்லாருக்கும் போறது. போறதுக்கு முந்தின நாள்தான் எழுதி வச்சாரு."

"எனக்கு எப்பவும் அவுக கைப்பட அடிச்சுதான் பதில் வரும். இது தெரியாது."

"லேப்டாப்பைப் போட்டது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனில் எதையோ தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டின என் ரூமில் டிங் என்றது.

அவர் கதவை முழுதாகத் திறந்தார்.

"உங்கள பயங்காட்டிட்டேன் மதினி."

"நானும்தான்."

"அந்தப் பதில எடுத்துரட்டா?"

"வேணாம். மத்தூருக்கு எடுத்துட்டுப் போனா ஓடுமா?"

"லேப்டாப் ஓடும். ஆனா போன்ல தெறக்குற முகவரி வேற வைஃபைல மாறிரும். அத மாத்தி வைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்."

மத்தூரில் அப்படி ஆள் யாரும் எனக்குத் தெரியாது. ஓனரம்மாவிடம் போய் நான் காலி செய்யவில்லை என்றேன்.

பக்கத்து ரூம்காரர் இருக்கவில்லை. பர்கூர்ப் பக்கம் ரூம் பார்த்துக்கொண்டு போனார். "என்னன்னு தெரிஞ்சிருச்சு மதினி. ஆனாலும் அந்தப் பதிலப் பாத்தா பயம் போவ மாட்டேங்கு" என்றார். போகுமுன் அந்தப் பக்கத்தை என் போனில் வைத்துக் கொடுத்தார்.

இப்போது கேட்க ஆள் இல்லை. வேலை விட்டு வந்ததும் லேப்டாப்பைப் போட்டு, போனை எடுத்து நானே கேட்கிறேன். மாடு இருக்கா? பசு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. டிங் என்கிறது. வந்துகினே இருக்கேன் என்று வருகிறது.

எழுதி வைத்த பதில் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு முன் எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.