நீர் இறங்கக் காத்திருந்தவர்

படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவருக்கு 'மழைவிரோதி' என்று பெயர் வைத்தவன் நான்தான். துறை வாசலில் டீக்கடை போட்டிருக்கிறேன். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது. மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த அணையில் தண்ணீர் ததும்பினால்தான் எங்களுக்குப் பிழைப்பு. குடும்பம் குடும்பமாக வருவார்கள், படகு ஏறுவார்கள், தூண்டிலை வாடகைக்கு எடுத்து ஒரு மீன்கூடப் பிடிக்காமல் சந்தோஷமாகத் திரும்புவார்கள். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினாலும் எங்கள் வியாபாரம் படுத்துவிடும். இந்த மனிதர் மட்டும் காலையில் அளவுத்தூணைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று தெம்பாக வந்து டீ கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் தெரிந்த பிறகும் எரிச்சல் முழுக்கப் போகவில்லை. அவருடைய தம்பி அணையில் மீன் பிடித்தவன். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வலையோடு போனான். ஆளும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. தேடிக் களைத்தபின், அக்கரையில் படகை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் மனைவியும் அதையே நம்பினாள். அண்ணன் நம்பவில்லை. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் அடியில் நிற்கின்றன. மீன் அங்கேதான் சேரும். வலையின் நுனியை மிதவையில்தான் கட்டவேண்டும். தம்பி சோம்பல்பட்டுப் படகிலேயே கட்டுவான்.

"மதகைத் திறந்தா தண்ணி இழுக்கும், வலை கட்டையில மாட்டிப் படகையே கவுத்துடும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவன் ஓடலை. தண்ணி வத்தட்டும், தெரியும்" என்பார். அது தெரிந்துவிட்டால் தம்பி மனைவிக்கு நிம்மதி வரும் என்று நம்பினார்.

அந்த வருடம் மழை கைவிட்டது. படகுகள் சேற்றில் உட்கார்ந்தன. துறையை மூடினார்கள், அவர் வேலையும் போனது. நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரோ தினமும் வெடித்த சேற்றில் நடந்தார்.

"பொழப்புல மண்ணு விழுந்திருக்கு, உங்களுக்கு என்னய்யா உலாத்தல்?" என்று கத்தினேன்.

ஒரு காலையில் முகம் வெளுத்து வந்தார். என்னையும் தம்பி மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். கட்டைகளுக்கு நடுவே படகு கவிழ்ந்து கிடந்தது. வலை ஒரு கட்டையைச் சுற்றியிருந்தது. அதன் நுனி படகின் வளையத்தில் கட்டியபடியே இருந்தது. படகைப் புரட்டினோம். அடியில் இருந்தது எலும்புதான். பெல்ட்டைப் பார்த்து அவன்தான் என்று அவள் சொன்னாள்.

"பாத்தியாம்மா, அவன் ஓடலை" என்றார்.

அவள் அழவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

"அப்பா எங்கன்னு பொண்ணு கேக்கும்போதெல்லாம், நாம வேண்டாம்னு போயிட்டாருன்னு சொன்னேன் மாமா. அவ கோபத்துல போட்டோவைக் கிழிச்சா, நான் தடுக்கலை. அப்பாங்கிற வார்த்தையையே விட்டுட்டா. இப்பப் போய் அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"