என் நாய்க்கு எதிரில் சேகர்

கடல் தண்ணீரில் ஊறிய கயிறு வெயிலில் காயும்போது உப்பும் செதிளும் நாயின் எச்சிலும் கலந்து ஒரு நாற்றம் எழும். ஐந்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு இன்று மீன் லாரிகளுக்குச் சொந்தக்காரனாகி, டோல்கேட்டில் என் பெயரைச் சொன்னால் டீக்கடைக்காரன் எழுந்து நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட எனக்கு, திருவொற்றியூர்க் குப்பம் என்றால் இன்றும் அந்த நாற்றம்தான்.

முதுகில் கானாங்கத்தை மீனைப்போல் வரி ஓடியதால் 'கானாங்' என்று பேர் வைத்து, சின்ன வயசில் என் சோற்றில் பாதியைப் போட்டு நான் வளர்த்த நாய், கரையில் ஆட்கள் வரிசையாக நின்று 'பெரியவலை'யை இழுக்கும்போதெல்லாம் என் பின்னால் வந்து, கயிற்றைக் கவ்வி, மணலில் காலை ஊன்றி, உறுமிக்கொண்டே எங்களோடு சேர்ந்து இழுக்கும். வேறு எவன் நாய்க்கும் அது வரவில்லை.

பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மகன் சேகரையும் ஒரு கேமராவையும் கொண்டுவந்தார். கானாங் கயிறு இழுப்பதைப் படம் எடுக்கப் போகிறாராம். அதுவரை என் முகம் எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு வந்து நின்றேன்.

"பிலிம்ல ஒண்ணே ஒண்ணுதான் கீது. நாயை உனுக்கு எதிர்ல இஸ்க்கச் சொல்லுடா," என்றார் பெரியப்பா.

ஒரு முனையைக் கானாங்கின் வாயில் கொடுத்து மறுமுனையை நான் பிடித்தேன். அது வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு ஓடிவந்து, என் பின்னால் நின்று, என் பக்கத்துக் கயிற்றைக் கவ்வியது. திரும்பத் திரும்ப அப்படியே. குப்பமே சிரித்தது.

"அது வேலக்கார நாய் அண்ணாத்தே," என்றார் என் அப்பா. "கூட நின்னுதான் இஸ்க்கும். எதிர்ல நிக்க அதுக்கு இன்னா தெரியும்?"

"நீ தள்ளு. சேகரு, வாடா."

வலை இழுத்தறியாத அந்தக் கைக்குக் கயிறு போனதும், விளையாட ஆள் வந்ததாக நினைத்ததோ என்னவோ, கானாங் எதிரே பாய்ந்து, பல் தெரிய, காது பறக்க இழுத்தது. படம் விழுந்தது. வாரிய தலையோடு நான் படத்துக்கு வெளியே நின்றேன்.

போன வாரம் சேகர் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'நானும் என் நாயும்' என்று எழுதியிருந்தான். அவன் நாயாம்! என் மகள் பார்த்துவிட்டு, "நீ எங்க கீற நைனா?" என்றாள்.

அன்றே ஸ்டூடியோவுக்குப் போய், அவனை எடுத்துவிட்டு என்னை வைக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண், "உன் சின்ன வயசு போட்டோ குடுண்ணா, ஒட்டிர்றேன்," என்றாள்.

அப்படி ஒன்று கிடையாது.

"சரி, அவன மட்டுமாவது தூக்கிடு."

"தூக்கிட்டா கவுறு அந்தரத்துல தொங்கும். நாய் யாராண்ட இஸ்க்குது?"

போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லுக்கு அடியில் அந்த மணல் போயிற்று. பெரியவலை இழுக்க நிற்பதற்கும் இடமில்லை. கானாங் போய்ப் பல வருஷம். சேகர் மட்டும் இன்னும் அங்கே நிற்கிறான், என் நாய்க்கு எதிரில், சிரித்துக்கொண்டு.