சகலை வண்டியும் என் நாற்பது மில்லிமீட்டரும்

என் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேலையூரில் மாமனார் வீட்டு வாசலில். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், தன் காரைக் கொண்டுவந்து என் கார் பக்கத்தில் நிறுத்தினான். இரண்டும் ஒரே மாடல். அவனுடையது கொஞ்சம் புதுசு, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவன் கார் தரையோடு தரையாகப் படிந்து, டயரை மட்கார்டு லேசாக மூடினாற்போல நின்றது. என்னுடையது, தேங்கின மழைத்தண்ணீரில் இறங்குவதற்காக பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டவன் மாதிரி நின்றது.

"ஸ்பிரிங்க மாத்தி லோயரிங் பண்ணிட்டேண்ணா" என்றான். நான் கேட்கவே இல்லை.

மாமா வெளியே வந்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியவனிடம் மீதி ஒன்று எங்கே என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்டவர் சகலை காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அடேங்கப்பா! ஜோரா இருக்கே சின்ன மாப்ள!" என்றார்.

அடேங்கப்பாவாம். நான் அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. தண்ணீர் சூழ்ந்த வருஷம் இடுப்பளவு வெள்ளத்தில் பால் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தவன். எனக்கு ஒரு அடேங்கப்பா கிடையாது. அப்போது கேட்டது "பால் நீலமா, பச்சையா?" என்ற கேள்விதான். நாலு ஸ்பிரிங்கை மாற்றினவனுக்கு அடேங்கப்பா! என் மகளும் அவள் பங்குக்கு, "நான் சித்தப்பா வண்டில வரேன்" என்று ஓடிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் நான் வாசலுக்குப் போய், அவன் கார் சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தேன். என் வண்டியில் நாலு விரலும் தாராளமாகப் போகும். அவன் வண்டியில் இரண்டு விரல்தான் போயிற்று. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. எதையும் அளக்காமல் நம்ப மாட்டேன். குனிந்து மறுபக்கச் சக்கரத்தையும் அளந்துகொண்டிருந்தபோது அத்தை கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, ஏதாவது தொலஞ்சு போச்சா?"

"சாவி அத்தை."

"கையிலதான வச்சிருக்கீங்க?"

"ஆமா அத்தை, கெடச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் எங்கே வரும்.

சில மாதங்கள் கழித்து மாமாவுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் அவர் எங்கே போனாலும் என் வண்டியில்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு குடும்பமும் கோவளம் போய், படகு கரையேறுகிற நேரத்தில் மீன் வாங்கி வருவது அந்த வீட்டு வழக்கம். முன்பெல்லாம் மாமா ஒரு தடவை என்னோடு, ஒரு தடவை அவனோடு வருவார். ஆபரேஷனுக்குப் பிறகு நேராக வந்து என் முன்சீட்டில் உட்கார்ந்துவிடுவார். மூத்த மாப்பிள்ளைக்கு உண்டான மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. என் கண்ணெல்லாம் முன்னால் பளபளவென்று வளைவில் சாயாமல் போய்க்கொண்டிருந்த அவன் வண்டியின் மேலேயே இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மாமாவும் அதைத்தான் பார்க்கிறார் என்று தோன்றும். ஒரு தடவை கேளம்பாக்கம் ரோட்டில், "சின்ன மாப்ள வண்டி என்னமா போவுது பாருங்க" என்றே சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடுங்கி வெளியே எறியலாம் போல இருந்தது.

முடிவு பண்ணிவிட்டேன். எங்கள் தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் சுற்றுகிற பட்டறை வைத்திருக்கும் நண்பர், "கழட்டிக் கொண்டா, ரெண்டு சுத்து வெட்டி விட்டுடறேன்" என்றார். நான் அவ்வளவு கேணையன் இல்லை. வெட்டின ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் சரியாக உட்காராது. எனக்கு வேண்டியது சகலைக்கு மேலே. பல்லாவரத்தில் சஸ்பென்ஷன் வேலை மட்டும் செய்கிற பாய் ஒருவர் கடைக்குப் போனேன்.

"ஸ்பிரிங் மட்டும் போதுமா பாய்?"

"ஸ்பிரிங்க குட்டையாப் போட்டுகினு பழைய ஷாக் அப்சார்பரையே வுட்டா, கொஞ்ச நாள்ல எண்ணெ கக்கிரும் சார். வண்டி எகிறி எகிறிக் குதிக்கும். பேஜாராப் பூடும். ஸ்பிரிங்குக்கு ஏத்த ஷாக்கா ஜோடி போட்டாத்தான் வண்டி ஒழுங்கா ஒக்காரும்."

"சரி, ஜோடியாவே போடுங்க."

"வண்டில யார் யாரு போறீங்கோ?"

"அது எதுக்கு?"

"அத்த வச்சுத்தான் சார் ஸ்பிரிங்கே சொல்ல முடியும். ஃபேமிலி, பெரியவங்கல்லாம் ஏறி எறங்குவாங்கன்னா முப்பது மில்லிமீட்டர் எறக்கலாம். அதுவே ஜாஸ்தி. நீ மட்டும் ஓட்டிகினு போறியா, நாப்பது எறக்கலாம்."

சகலை இறக்கியிருந்தது முப்பது. அதை அவன் வாயாலேயே எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அதே முப்பதை நானும் இறக்கினால், அவனைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன் என்றுதானே ஆகும்?

"நான் மட்டும்தான் பாய் போவேன். நாப்பதே போடுங்க."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பின்சீட்டில் என் மகளின் வாட்டர் பாட்டிலும் என் மனைவியின் குடையும் கிடந்தன. அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார்.

வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! ஜி.எஸ்.டி. ரோட்டில் வழியெல்லாம் கடைக் கண்ணாடிகளில் என் காரையே பார்த்துக்கொண்டு வந்தேன். சக்கரத்துக்கு மேலே ஒரு விரல் போனால் பெரிது. எங்கள் தெரு முனை ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு தேய்ந்தது. அதனாலென்ன, குறுக்காக ஏற்றி இறக்கினால் போயிற்று. என் மனைவி ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏங்க, ரோட்டு மேலயே உக்காந்து போற மாதிரி இருக்கே. எங்கப்பா வேற வருவாரு" என்றாள். "உங்கப்பா அடேங்கப்பான்னு சொல்லுவாரு, பாரு" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த கோவளம் ஞாயிறு, முதல் ஆளாகப் போய் மாமா வீட்டு வாசலில் நிறுத்தினேன். சகலை வரட்டும், அவன் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வந்தான். அவன் கார் உயரமாக வந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. கிட்டப் போய்ச் சக்கரத்தைப் பார்த்தேன். நாலு விரல் இடைவெளி. லோயரிங்கைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டிருந்தான், பாவி! அவன் என் காரைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

அதற்குள் மாமா வந்துவிட்டார். என் காரைச் சுற்றி வந்தார். இடுப்பில் கை வைத்தார். "அடேங்கப்பா! பெரிய மாப்ள, இது நம்ம பழைய வண்டியா? அசத்திட்டீங்க போங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

நான் முன்கதவைத் திறந்துவிட்டேன். மாமா வழக்கம்போலத் திரும்பி நின்று, சீட் இருக்கும் என்று நினைத்த உயரத்தில் உட்காரப் போனார். அங்கே சீட் இல்லை. கதவை எட்டிப் பிடித்துக்கொண்டார். மெதுவாக இறங்கிப் பார்த்தார். அந்த நாலு சென்டிமீட்டருக்கு அவர் முட்டி மடங்க மறுத்தது. "ஆ" என்றார். சகலை ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"பரவாயில்ல மாப்ள, நான் இவர் வண்டில வரேன்" என்றார் மாமா. போய்த் திரும்பி நின்றார், ஸ்டூலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார், காலை உள்ளே எடுத்துக்கொண்டார். வேலை முடிந்தது. என் மூத்த மாப்பிள்ளை மரியாதை முழுவதும் அந்தச் சீட்டின் உயரத்தில்தான் இருந்திருக்கிறது.

கோவளம் வரைக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் நான் குறுக்காக ஊர்ந்துகொண்டு போனேன். அவர்கள் வண்டி எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல வஞ்சிரமெல்லாம் விலைபோயிருந்தது. மாமா ஒரு படகு ஓரமாக நின்று சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சகலை மட்டும் என்னிடம் வந்தான்.

"ஸாரிண்ணா. நீங்க எறக்குவீங்கன்னு எனக்குத் தெரியாது."

"நீ எதுக்கு ஏத்துன? அதச் சொல்லு."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு தடவ, நீங்க வர்றதுக்கு முன்னாடி, மாமா என் வண்டில ஏறப் பாத்தாரு. முட்டி மடங்கல. நேரா ஒங்க வண்டிக்கு வந்துட்டாரு. அதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கண்ணாடில ஒங்க வண்டியத்தாண்ணா பாத்துட்டே ஓட்டுவேன். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டே வருவீங்க. எனக்கு அப்பாவும் கெடையாது. மாமா ஒரு நாளாவது என் பக்கத்துல ஒக்கார மாட்டாரான்னு இருக்கும். செம்ம கடுப்பு. அப்டியே வயிறு எரியும்ணா."

மாமா அங்கிருந்து, "சின்ன மாப்ள, பை எடுத்துட்டு வாங்க!" என்று கூப்பிட்டார். அவன் ஓடினான்.

திரும்பி வரும்போது என் மனைவி, "பழையபடி ஏத்திடுங்களேன்" என்றாள். இப்போது ஏற்றினால் அதையும் சகலையைப் பார்த்துச் செய்தேன் என்றுதானே ஆகும் என்று எரிந்து விழுந்தேன். ஆனால் என் மனசு அதிலேயே இல்லை. இத்தனை காலம் என்னைப் பார்த்து ஒருத்தன் வயிறு எரிந்துகொண்டு இருந்திருக்கிறான். என்னைப் பார்த்து! சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, படுபாவி? ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அதை அனுபவித்திருப்பேனே.