பெயர் கூப்பிட்டதும்

நான் பொய் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

ஈப்போவில் ஒரு கல்லூரியில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. தர்ஷினி அங்கே படித்தவள். ஒருநாள் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் முன்பு வேலை செய்த ரப்பர் தோட்டத்துக் கதை கேட்டாள்.

சொன்னேன். தோட்டத்தை விற்றபோது நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யவில்லை. எங்களை விரட்ட, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டார். அந்த வாரம்தான் என் மாமியார் செத்துப் போனார். சவத்தைக் குட்டைத் தண்ணீரில் குளிப்பாட்டினோம்... யாரிடமும் சொல்லாததை அவளிடம் ஏன் சொன்னேன்?

அந்தக் கிராணி இப்போது பெரிய மனிதர். தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேச அவரையே கல்லூரி அழைத்தது.

"அவரு பேசட்டும்லா ஆன்ட்டி. நாங்க தடுக்கல. ஒரு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்" என்றாள் தர்ஷினி.

மண்டபத்தில் அவர் பேசும்போது ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்: 'சவம் குளிப்பாட்டத் தண்ணீர் விட்டீர்களா?' கூடப் பத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"யாரு சொன்னது இத?" என்று கேட்டார்.

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கண் மட்டும் ஒருதரம் என் பக்கம் வந்து போயிற்று... அது போதாதா? கதவோரம் வாளியோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டார். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவாரே, அதே குரல்.

"அஞ்சலை!"

"வந்திருக்கேங்க" என்றது என் வாய்.

சிரித்தார். "தண்ணிய நானா நிறுத்தினேன்? பிள்ளைங்களுக்குச் சொல்லு."

மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

"இல்லீங்க ஐயா."

வேலை போய்விடும் என்ற பயமா? அது பிறகு நானே தேடிக்கொண்ட சாக்கு. அவர் கூப்பிட்டார், நான் அடங்கினேன்.

அவதூறு என்று விசாரணை வைத்தார்கள். மைக்கில் நான் சொன்னதே உண்மை என்று, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். தர்ஷினியை நீக்கிவிட்டார்கள்.

பெட்டியோடு போகிறவள் என் முன்னால் நின்றாள். "எங்கிட்ட சொன்னது பொய்யா ஆன்ட்டி?"

பக்கத்தில் காவலாளி. நான் தரையைத் துடைத்தேன்... துடைத்த இடத்தையே.

அந்த மண்டபத்தை இன்றும் நான்தான் துடைக்கிறேன். போன வாரம் ஆளில்லாதபோது மைக்கின் முன்னால் போய் நின்றேன். அது அணைந்துதான் கிடந்தது. 'குழாயை அடைத்தவர் அவர்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்...

"வந்திருக்கேங்க" என்றுதான் வந்தது.